கெட்டிமேளமும் உப்புத் தண்ணீரும்

தம்பி,

கப்பல் இந்நேரம் மலாக்காவைத் தாண்டியிருக்கும். உனக்கும் கமலாவுக்கும் தலை சுற்றாமல் இருக்கிறதா? சுற்றினால் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். கொழும்பில் கப்பல் நிற்கும்போது பயணிகளுக்குத் தபால் கொடுப்பார்களாம். அதனால் இந்தக் கடிதம் விமானத்தில் உங்களுக்கு முன்னால் பறந்துபோய் அங்கே உட்கார்ந்திருக்கும். நேற்று ஏணியில் ஏறப் போனவன் திரும்பி நின்று, "அப்பா, அந்த உப்புத் தண்ணி கதைய நடந்தது நடந்தபடி எழுதி அனுப்புங்க, எனக்கு வேணும்" என்றாய். நுரையீரல் வைத்தியம் படிக்க பிரிட்டனுக்குப் போகிற டாக்டர், தேக்காக் கடைத்தெருவில் உப்பும் கருவாடும் விற்கிறவனிடம் சாட்சி கேட்கிறான். பெருமை வந்தால் நான் பேச்சை இழுப்பேன் என்று உன் அம்மா சொல்வாள். இழுக்கத்தான் போகிறேன், உனக்கும் கப்பலில் வேறு வேலை இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கமலாவின் அப்பா வருகிற இடத்தில் மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: மாமா மரியாதைக் குறைவாக எழுதவில்லை, கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார்.

எல்லாம் உன் வாயிலிருந்துதான் ஆரம்பித்தது, அதை மறந்துவிடாதே. உனக்குக் கல்யாணம் நிச்சயமான புதிதில் ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய். ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி வார்டில் உப்புத் தண்ணீரைப் புகை மாதிரி ஆக்கி நோயாளிகளை மூச்சில் இழுக்கச் சொல்கிறார்கள், இறுகிய சளி இளகி வெளியே வருகிறது என்று. நீ அடுத்த கவளத்துக்குப் போய்விட்டாய். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. படகுத் துறையில் உப்பு மூட்டை தூக்கி முதுகுத்தோல் உரிந்தவன் நான். பிறகு அந்த உப்பையே வாங்கி விற்று இந்தக் கடையை வைத்தேன். மிளகாய் விற்கிறவனுக்கு ஒரு மதிப்பு, ஏலக்காய் விற்கிறவனுக்கு ஒரு மதிப்பு, உப்பு விற்கிறவனை மட்டும் ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட என் சரக்கை, வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் இயந்திரம் வைத்து மனிதன் மூக்கில் ஏற்றுகிறார்கள் என்று என் பிள்ளையே சொல்கிறான். "எந்த உப்பு? கல்லுப்பா, தூளுப்பா?" என்று கேட்டேன். "அப்பா, சாப்பிடுங்க" என்றாய். நீ சரியாகப் பதில் சொல்லியிருந்தால் பாதி வம்பு நடந்திருக்காது.

ஆடி முடிவதற்குள் ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்தது. சிராங்கூன் சாலையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் தும்மல் சத்தம் கூடவே வந்தது. பால்காரர் தும்மினார், பூக்கட்டுகிறவள் தும்மினாள், என் கடைக்கு எதிரே கிளி ஜோசியர் தும்மியதில் கிளி சீட்டெடுக்காமல் கூண்டுக்குள் ஓடிவிட்டது. ஆவணியில் உனக்கு முகூர்த்தம். உன் மாமனாரைப் பற்றி அப்போதே உனக்கு அரைகுறையாகத் தெரியும். நல்ல மனிதர், நேர்மையானவர், துறைமுகக் கிடங்கில் தலைமைக் கிளார்க். ஆனால் தும்மல் என்றால் அவருக்குச் சிம்ம சொப்பனம். யாராவது தும்மும்போது வாசற்படியைத் தாண்டமாட்டார். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் கிளம்புவார். அவர் குடியிருக்கும் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் வரிசையாக அத்தனை கதவுகள், அத்தனை கதவுக்குள்ளும் காய்ச்சல். அந்த வாரம் மனுஷன் அலுவலகத்துக்கே போய்ச் சேரவில்லை, தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு ஊதியதுதான் மிச்சம்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கத்தான் நானும் அம்மாவும் அவர் வீட்டுக்குப் போனோம். ஊதுபத்தி மணக்க உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "குறிச்ச முகூர்த்தத்தத் தள்ளினா அதவிடப் பெரிய அபசகுனம் வேற இல்ல சம்பந்தி. நடக்கட்டும். ஆனா ஒண்ணு. தாலி ஏறுற நேரத்துல ஒரு தும்மல் என் காதுல விழுந்துச்சுன்னா, பொண்ணக் கூட்டிக்கிட்டு எறங்கிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது." உன் அம்மா, "ஊரே தும்முதுலா, மண்டபத்துல முந்நூறு பேரு, எப்படி?" என்றாள். அவர் சிரித்தார். "அதுக்குத்தானே கெட்டிமேளம்? கெட்ட சத்தம் எதுவும் காதுல விழக்கூடாதுன்னுதானே பெரியவங்க வச்சாங்க? மேளம் பலமா இருக்கட்டும், போதும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் நிம்மதியாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்தால், நாம் முன்பணம் கொடுத்திருந்த நாயனக்காரர் சிங்காரம் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று அவருடைய தவில்காரர் பக்கிரி வாசலில் காத்திருக்கிறார்.

ஊரில் இருந்த மற்ற நாயனக்காரர்களும் படுத்திருந்தார்கள். ஜொகூருக்கு ஆள் அனுப்பினேன், அங்கேயும் இருமல். கிராமபோன் தட்டு வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைக் கேட்ட உன் மாமனார், "தட்டு கீறல் விழுந்து நின்னா?" என்றார். அந்த யோசனையும் போயிற்று. டன்லப் ஸ்ட்ரீட் மாடியறையில் சிங்காரத்தைப் போய்ப் பார்த்தேன். கழுத்துவரை போர்வை. காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் கோழி கூவுகிறது. "முதலாளி, சீவாளியை வாயில வச்சா மூச்சு போகல, இருமல்தான் போகுது" என்றார். அப்போதுதான் உன் ரசம்சோற்றுப் பேச்சு என் தலையில் மணி அடித்தது.

முதலில் அவரைச் சாங்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். இதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. என் கணக்கு இதுதான்: அலை அடித்தால் உப்புச் சாரல் எழும், கடற்கரைக்காரர்கள் அதை நாள் முழுதும் இழுக்கிறார்கள், அவர்களுக்கு ஏது சளி? நோயாளியைக் கருவாட்டு லாரியில் முன்னால் உட்காரவைத்து, காதைச் சுற்றித் துண்டு கட்டி, அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போய்க் கரையில் ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்தேன். கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. ஓர் அலை இல்லை. "நல்லா மூச்சு இழுங்க" என்றேன். "எத இழுக்குறது முதலாளி?" என்றார். நான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கையால் அவர்மேல் வீசிப் பார்த்தேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் இதைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார். நான் ஆளை மூழ்கடிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். அரைகுறை மலாயில் என் சித்தாந்தத்தை அவருக்கு விளக்கினேன், கடலோரத்து ஆட்களுக்குச் சளியே பிடிக்காது அல்லவா என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துணியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்தாறு தும்மல் போட்டார்.

சரக்கு ஓர் ஊரில் போகவில்லை என்றால் சரக்கைத் தூக்கி எறிவதில்லை, கடையை மாற்றுகிறோம். நான் நேராக ராமையா சலூனுக்குப் போனேன். முகச்சவரம் முடிந்ததும் ரப்பர்க் குமிழை அமுக்கி முகத்தில் பூந்தண்ணீர் அடிப்பாரே, அந்தக் கண்ணாடிப் புட்டியில் இரண்டு வாங்கினேன். அம்மா அடுப்படியில் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைக் கரைத்தேன். எவ்வளவு உப்பு? இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. மீன் ஊறப்போடுகிறவர்கள் பச்சை முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். முட்டை மேலே மிதந்தால் பதம் சரி. எனக்குத் தெரிந்த பதம் அது ஒன்றுதான். முட்டை மிதக்கும்வரை போட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, அவருக்கு வைத்தியம் பண்றீங்களா, ஊறுகாய் போடறீங்களா?" என்றாள். "உன் பிள்ளை ஆஸ்பத்திரியிலயே இதான் பண்றாங்க" என்றேன். உன் பெயரைச் சொன்னால் அவள் அடங்கிவிடுவாள், அந்தத் தந்திரத்தை நீயும் கமலாவிடம் வேறு யார் பெயரையாவது வைத்துச் செய்துகொள்.

சிங்காரம் நல்ல மனிதர். மூக்கை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குமிழை அமுக்கினேன். முதலில் சோப்பு வாசனை வந்தது, பிறகு உப்பு வந்தது. தம்பி, நாயனத்தில் அவர் வாசித்து நான் கேட்காத சுரமெல்லாம் அன்றைக்கு அவர் மூக்கில் கேட்டேன். முக்காலி ஒருபக்கம், அவர் ஒருபக்கம். கீழ்த்தளத்துத் தையற்கடைக்காரர் மேலே ஓடிவந்தார். நடுவில் இதையும் சொல்ல வேண்டும்: இருமி இருமிக் கடைசியில் நெஞ்சில் கிடந்தது நிறைய வெளியே வந்தது. மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வழி விட்ட மாதிரிதான் இருக்கு" என்றார், கண்ணில் தண்ணீர் ஒழுக ஒழுக. நான் பக்கிரி பக்கம் திரும்பினேன். அவருக்கும் அதே காய்ச்சல், அதே சளி. பக்கிரி தவில் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, "கிட்ட வராதீங்க முதலாளி. நான் கையாலதான் வாசிக்கிறேன், மூக்கால இல்ல" என்றார்.

சாயங்காலம் நீ விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்ற நிலை எனக்கு மறக்கவில்லை. மாப்பிள்ளைக் களை ஒன்றும் இல்லை, போலீஸ்காரர் களைதான் இருந்தது. புட்டியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அப்பா, இது கருவாடு இல்ல, மனுஷன் நுரையீரல்."

"நீதானேடா சொன்ன?"

"சளி இளகும்னு சொன்னேன். காய்ச்சல் குணமாகும்னு நான் எங்க சொன்னேன்? அந்த வைரஸ உப்பு என்ன செய்யும், ஒண்ணும் செய்யாதான்னே எங்களுக்கு இன்னும் தெரியாது. இப்படி அடிச்சா நெஞ்சு இறுகி மூச்சு முட்டிப்போறவங்களும் இருக்காங்க அப்பா."

"சரி, எவ்வளவு போடணும்? அதச் சொல்லு."

"கண்ணீர் எவ்வளவு உப்பு? அவ்வளவு. அதுக்கு மேல வேணும்னா ஆஸ்பத்திரியில, பக்கத்துல டாக்டர் நிக்கணும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணீர் அளவு உப்பா? அரசாங்க ஆஸ்பத்திரி, செலவைக் குறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மேலும் கண்ணீரின் பதம் எனக்கு எப்படித் தெரியும்? மூட்டை தூக்கிய காலத்திலிருந்து நான் அழுததில்லை, நேரம் கிடைத்ததில்லை. எனவே வியாபாரி செய்வதைச் செய்தேன். நீ ஒரு விலை சொன்னாய், நான் ஒரு விலை வைத்திருந்தேன், நடுவில் முடித்தேன். ஒரு புட்டியில் முட்டை பாதி முங்கிப் பிறகு அடியில் போய்ப் படுக்கிற அளவு நீர்க்கவைத்தேன். அது சிங்காரத்துக்கு. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். இன்னொரு புட்டியில் இருந்த முதல்தரச் சரக்கைக் கொட்ட மனசில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். கொட்டியிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று விடியும்போதே கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் ஒரு கைக்குட்டை. மணவறைக்குப் பின்னால் சமையற்கட்டுக்குப் போகும் நடையில், வாழைக்குலைகளுக்கு மறைவில், சிங்காரத்துக்குக் கடைசியாக ஒருமுறை அடித்தேன். ஊதிப் பார்த்தார். பழைய சிங்காரம் இல்லை, முக்கால் சிங்காரம். "தாங்கும் முதலாளி. ஆனா நீட்டி வாசிக்கச் சொல்லாதீங்க, முடிச்சுப் போட்டதும் நிறுத்திடுவேன்" என்றார். அவர் முன்னால் போனார். நான் புட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு செருமல். உன் மாமனார். பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, தக்காளி மாதிரி மூக்கு.

"சம்பந்தி" என்றார் தாழ்ந்த குரலில். "காலையிலேர்ந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு. உள்ள வந்து நிக்குது, போகவும் மாட்டேங்குது. இந்தத் தண்ணிய அடிச்சா அடங்கும்னு சொல்றாங்களே, எனக்கும் ரெண்டு அடி."

இப்போது நீயே சொல். என் முன்னால் இரண்டு புட்டிகள். ஒன்று நீர்த்தது, கூலிக்கு வாசிக்க வந்தவருக்குக் கொடுத்த மிச்சம். மற்றது முதல்தரம். பெண் கொடுக்கிற சம்பந்தி வாய்விட்டுக் கேட்கிறார். நாயனக்காரருக்கு அடித்த மிச்சத்தையா கொடுப்பது? இலை போட்டால் அவருக்குத்தானே முதல் இலை, முதல் கரண்டி நெய்? நம் வீட்டு மரியாதை என்னாவது? முதல்தரத்தையே எடுத்தேன். இரண்டு கேட்டார், நான்கு அடித்தேன், மூக்குத் துவாரத்துக்கு இரண்டாக. அவர் கண்ணை அகல விரித்தார். "காரமா இருக்கே" என்றார். "அசல் சரக்கு சம்பந்தி" என்றேன். அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள், தாலி கட்ட நேரமாகிவிட்டது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கமலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் அட்சதையோடு உங்கள் பின்னால் நிற்கிறார். மேலுதடு துடிக்கிறது. மூக்கு விரிகிறது, சுருங்குகிறது. கண் மேலே செருகுகிறது. ஐயர் தாலியை உன் கையில் கொடுக்கிறார். நான் விரலை ஆட்டினேன், ஐயருக்கு முன்னால் நானே தொண்டை கிழியக் கத்தினேன்: "கெட்டிமேளம், கெட்டிமேளம்." பக்கிரி இறங்கினார் பாரு, இடி. சிங்காரம் ஊதினார். அதற்குள்ளே உன் மாமனார் தும்மினார். தும்மல் என்று சொல்வது மரியாதைக்காக. கையிலிருந்த அட்சதையை அவர் போடவில்லை தம்பி, தும்மலே போட்டது. உங்கள் தலையில் விழுந்த முதல் ஆசீர்வாதம் அதுதான். ஒன்றோடு நிற்கவில்லை. மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது, அவருக்கு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. முடிச்சு முடிந்தால் நிறுத்துவேன் என்று சொன்ன சிங்காரம், முகம் செம்பருத்தியாகச் சிவந்து, ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்துவிட்டு, நிறுத்தவில்லை. மூச்சை எங்கிருந்து இழுத்தாரோ. பக்கிரியும் விடவில்லை. மண்டபத்தில் தும்ம வேண்டியவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குள்ளே சவுகரியமாகத் தும்மி முடித்து மூக்கையும் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் சம்பந்தி துண்டால் முகத்தைத் துடைத்து நிமிர்ந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். அப்புறம்தான் சிங்காரம் வாத்தியத்தை இறக்கினார், இறக்கிய கையோடு பாயில் சாய்ந்து காப்பி கேட்டார்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து உன் மாமனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தீங்களா, ஒரு தும்மல் உண்டா? எல்லாம் நேரம் பாத்து வச்ச பலன்." "ஆமா சம்பந்தி" என்றேன். அவருக்கு இன்னும் ஒரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன். இன்றுவரை நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் இத்தனை நெருக்கமாக இருக்கிறோம்.

இனி நீ கேட்ட சாட்சி. உப்பு மூச்சு சிங்காரத்தைக் குணப்படுத்தியதா? நெஞ்சு லேசானதாக அவர் சொன்னார், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஊதினார், முந்நூறு பேர் கேட்டார்கள். ஆனால் மூக்கைக் காட்டவே மாட்டேன் என்ற பக்கிரியும் அதே நாளில்தான் எழுந்து நின்றார், அதே நேரம் கைவலிக்க வாசித்தார். அவர் வீட்டில் மிளகு ரசம் குடித்தார், தூங்கினார், அவ்வளவுதான். நான் இந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கிறவனாக இருந்தால் உனக்குச் சிங்காரத்தை மட்டும்தான் சொல்வேன். பக்கிரியை ஜொகூருக்கு அனுப்பிவிடுவேன். நீ என் பிள்ளை என்பதால் இருவரையும் சொல்கிறேன். அங்கே பெரிய பெரிய டாக்டர்கள் உன்னிடம் வந்து இது குணமாக்கும், அது குணமாக்கும் என்று ஒரு சிங்காரத்தைக் காட்டினால், பணிவாகவே கேள், "உங்க பக்கிரி எங்கே?" என்று. உப்பில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது, ஆனால் தோன்றுவது உப்பு விற்கிறவனுக்கு. அதையும் நீ கழித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்தால் எழுது. இல்லை என்று கண்டுபிடித்தாலும் எழுது, நான் கடையை மூடிவிடமாட்டேன்.

குடித்தனத்துக்கு என்று தனியாகப் புத்தி சொல்ல எனக்கு வராது. உன் அம்மாவோடு இத்தனை வருஷத்தில் நான் கற்றது அந்த மண்டபத்தில் சிங்காரம் செய்ததுதான். கமலாவுக்கு ஒருநாள் நாலு பேர் முன்னால் தும்மல் வரும், உனக்கும் வரும். யாருக்கு வருகிறதோ அவருக்காக மற்றவர் சத்தமாக வாசிக்க வேண்டும், முடிச்சு முடிந்த பிறகும் கொஞ்சம் நீட்டி வாசிக்க வேண்டும். அப்புறம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நான் இப்போது பேசிவிட்டேன், அதனால் கடிதத்தைப் படித்ததும் கடலில் போட்டுவிடு. இல்லை, வேண்டாம், சாட்சி வேண்டும் என்றாயே. கமலாவின் பெட்டியில் அடியில் வை.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்று மேளம் அத்தனை நேரம் நீண்டதே, அந்தச் சத்தத்துக்குள் நீ நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்குக் கண்ணில் என்னவோ ஆகி, வழிந்து உதட்டுக்கு வந்துவிட்டது. தொழில் புத்தி, நாக்கை நீட்டி ருசி பார்த்தேன். இவ்வளவுதானா உப்பு என்று இருந்தது. முட்டை நிச்சயம் முங்கிப்போகும். நீ சொன்ன பதம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேற்று உன் கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது துறைமுகத்தில் நின்று மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். பதம் அதேதான்.

அப்பா